தொட்டி சார் கட்டிய மேசை

மரம் அறுக்கத் தெரியாதவர்கள் இந்தப் பட்டணத்தில் லட்சம் பேர் இருப்பார்கள். ஆனால் ஒரு பலகையைப் பெஞ்சின் மேல் வைத்து அறுத்து, பலகையோடு பெஞ்சையும் சேர்த்து அறுத்துவிட்டு, "ரெண்டும் ஒரே அளவா வந்திருக்கு பாரு" என்று சந்தோஷப்பட்டவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் தொட்டி சார்.

எங்கள் என்று சொல்ல உனக்கு என்ன பாத்தியதை என்று யாராவது கேட்கலாம். அவர் எனக்கு உறவு இல்லை. அவர் வேதக்காரர், மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். நான் சாந்தோம் கரைக் குப்பத்தில் பிறந்தவள். பதினாறு வயதில் தலையில் மீன்கூடை ஏறியது. கச்சேரி ரோடு தொடங்கி லஸ் மூலை வரைக்கும் என் குரல் தெரியாத வீடு கிடையாது. என் கூடையில் நேற்று பிடித்த மீன் ஒரு நாளும் இருந்ததில்லை. அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமும் இல்லை. மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்து மெதுவாகத்தான் வரும். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை, நிதானமாகவே சொல்கிறேன்.

ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று ஊரே காலியான வருஷம் அது. மயிலாப்பூரில் வீட்டுக்கு வீடு பூட்டுத் தொங்கியது. எங்கள் குப்பம் மட்டும் எங்கேயும் போகவில்லை. கடலைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? தொட்டி சாரும் போகவில்லை. பள்ளிக்கூடச் சாவி அவரிடம் இருந்தது. அவருடைய சம்சாரத்தை மட்டும் செங்கல்பட்டில் அண்ணன் வீட்டுக்கு ரயில் ஏற்றிவிட்டார். அந்த அம்மாவுக்குத் தெருவில் தையலம்மா என்று பெயர். கால் மிஷின் வைத்திருந்தார்கள். கோயிலில் முதன்முதலாக அப்பம் வாங்கிப் புதுநன்மை எடுக்கிற பெண்பிள்ளைகளின் வெள்ளைக் கவுன் எல்லாம் அந்த அம்மா தைத்ததுதான். புருஷன் பெண்சாதி இரண்டு பேர்தான் வீட்டில். பிள்ளை குட்டி கிடையாது.

அந்தச் சமயத்தில்தான் தொட்டி வந்து சேர்ந்தது. அடையாற்றில் ஒரு பங்களாவில், துரை வீட்டுச் சின்னப் பெண்ணுக்கு சார் சாயந்தரத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். துரை குடும்பத்தோடு கப்பல் ஏறப் புறப்பட்டார். சாமான் எல்லாம் ஏலம் போயிற்று. இரண்டு முழ நீளத்தில் ஒரு கண்ணாடித் தொட்டியும் அதில் நாலு தங்க மீனும் மட்டும் நின்றது. தொட்டிக்கு இருந்த இரும்புக் காலை எவனோ ஏலத்தில் எடுத்துப் போய்விட்டான். அந்தச் சின்னப் பெண் அழுதுகொண்டே, யுத்தம் முடிந்ததும் வந்து வாங்கிக்கொள்கிறேன், அதுவரைக்கும் நீங்கள் வைத்திருங்கள் என்று சொன்னதாம். சார் சத்தியம் பண்ணிக் கொடுத்துவிட்டார். தொட்டியை வைக்கோல் சுற்றி வண்டியில் ஏற்றி, மீனைப் பித்தளைக் குடத்தில் விட்டு, குடத்தை மடியில் கட்டிப் பிடித்துக்கொண்டு ஜட்காவில் வந்து இறங்கினார். அன்றைக்கு வந்த பெயர்தான் தொட்டி சார். அதற்கு முன்னால் அவருக்கு இருந்த பெயரை நான் கேட்டதும் இல்லை, யாரும் சொன்னதும் இல்லை.

தொட்டி வந்துவிட்டது, எங்கே வைப்பது? முதலில் கட்டிலில் வைத்தார். கயிற்றுக் கட்டில். தண்ணீர் ஊற்ற ஊற்றத் தொட்டி தூளியில் கிடக்கிற குழந்தை மாதிரி உள்ளே போய்விட்டது. அப்புறம் தரையில் வைத்தார். மறுநாள் நாலு மீன் மூன்று ஆயிற்று. அடுத்த வீட்டுப் பூனை சுவரின் மேல் உட்கார்ந்து மீசையை நக்கிக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். கடைசியில், வீட்டிலேயே கனம் தாங்குகிற சாமான் ஒன்றுதான் என்று கண்டுபிடித்தார். அது தையலம்மாவின் மிஷின் மேசை. மிஷின் தலையைக் கழற்றி, அந்த அம்மாவின் பழைய புடவையில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு, இரும்புக் கால் மேசையின் மேல் தொட்டியை ஏற்றிவிட்டார்.

குண்டு வரவில்லை. ஊர் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. தையலம்மாவும் திரும்பி வந்தார்கள். வாசலில் நின்று தொட்டியைப் பார்த்தார்கள். உள்ளே போய்க் குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தார்கள். புடவையைப் பிரித்து மிஷின் சக்கரத்தில் விரலை வைத்தார்கள். விரலில் துரு. கொண்டு வந்த பையைக் கீழே கூட வைக்கவில்லை. நான் அப்போது வாசலில் கூடையோடு நின்றுகொண்டிருந்தேன், அதனால் காதாரக் கேட்டேன். "என் மிஷின் மேலேர்ந்து அது எறங்குற அன்னைக்கு எழுதுங்க, நான் வரேன்" என்றார்கள். குரல்கூட உயரவில்லை. வந்த வழியே எழும்பூருக்குப் போய் அடுத்த வண்டி ஏறிவிட்டார்கள்.

அந்த அம்மா கோபம் நாலு நாளில் தீரும் என்று தெருவே சொன்னது. மாசம் எட்டு ஆயிற்று.

அந்த எட்டு மாசமும் நான் தினம் அந்த வாசலைத் தாண்டித்தான் போவேன். மீன் விற்க இல்லை. அவர் மீன் சாப்பிடுவதை விட்டுவிட்டார். அதுகளுக்கு முன்னால் எப்படிச் சாப்பிடுவது என்பார். ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில் வேதக்காரர்கள் கறியை விட்டு மீனுக்கு வருவார்கள், எங்களுக்கு அதுதான் வியாபாரம். இவர் கறியையும் விட்டு மீனையும் விட்டுக் கத்தரிக்காயைத் தானே வேகவைத்து, பாதி வெந்தும் பாதி வேகாமலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்றால் முதல் பேச்சு இதுதான்:

"கூடைய மூடும்மா எல்லம்மா. அதுங்க பாக்குது."

"பாத்தா இன்னா சார்? இது கடல் மீனு, அது தொட்டி மீனு. ஒறவா மொறையா?"

"நமக்குத் தெரியுமா, என்ன ஒறவோ."

நான் ஈரச் சாக்கை எடுத்துக் கூடையை மூடுவேன். மீன்காரி கூடையை மூடிக்கொண்டு ஒரு வீட்டு வாசலில் நிற்பதைப் பட்டணத்தில் வேறு யாராவது பார்த்திருப்பார்களா?

ஒரு நாள் போனபோது சார் மிஷின் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். மேலே தொட்டி. கீழே அவர் கால் மிதிபலகையை மிதித்துக்கொண்டிருந்தது. வாரும் இல்லை, ஊசியும் இல்லை, சக்கரம் சும்மா கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. என்ன சார் தைக்கிறீர்கள் என்று கேலியாகக் கேட்டேன். ஒன்றும் இல்லை, வீட்டில் சத்தமே இல்லையே என்று பார்த்தேன் என்றார். நான் கூடையைச் சரிபண்ணிக்கொண்டு நடந்துவிட்டேன். அன்றைக்கு லஸ் வரைக்கும் எனக்குக் கூவவே வரவில்லை.

அப்புறம் ஒரு நாள் செங்கல்பட்டில் இருந்து கார்டு வந்தது. ஈஸ்டர் வரைக்கும் பார்ப்பேன், அதற்குள் மேசை என் கைக்கு வராவிட்டால் வண்டியோடு வந்து மிஷினை எடுத்துக்கொண்டு போய் இங்கேயே தையல் கடை வைத்துவிடுவேன் என்று எழுதியிருந்தது. சார் அதை எனக்குப் படித்துக் காட்டிவிட்டு, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "மிஷின் போச்சுன்னா அவ போனான்னு அர்த்தம்" என்றார். மூன்று மீனும் கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து நின்று அவரையே பார்த்தன.

தொட்டியை யாருக்காவது கொடுத்துவிடுங்கள் சார் என்றேன். சத்தியம் பண்ணியிருக்கிறேனே என்றார். சத்தியத்தையும் விடமுடியாது, சம்சாரத்தையும் விடமுடியாது. அப்படியானால் தொட்டிக்கு ஒரு மேசை வேண்டும். தச்சர்கள் எல்லோரும் பட்டாளத்துக்குக் கொட்டகை போடப் போய்விட்டார்கள். பெட்டிக்கடைக்குப் பலகை தைக்கக்கூட ஆள் கிடைக்காத காலம். அதனால் சார் தாமே செய்வது என்று தீர்மானித்தார். உளியைக் கையில் பிடித்துப் பழக்கமில்லாதவர். அவர் பிடித்ததெல்லாம் சாக்பீஸ்.

கணக்கில் அவரை யாரும் அசைக்க முடியாது. சுவரில் கரியால் போட்டுக் காட்டினார். தொட்டி, தண்ணீர், மணல் எல்லாம் சேர்ந்தால் இரண்டு ஆள் கனம், கூட ஒரு பள்ளிக்கூடப் பையன் கனம். அதைத் தாங்க நாலு கால் இத்தனை தடிமன், இத்தனை உயரம். எல்லாம் சரி. அளக்க எடுத்தது பள்ளிக்கூடத்து அடிக்கோல். பையன்களின் முட்டியில் தட்டித் தட்டி அதன் முதல் அங்குலம் உடைந்து போயிருந்தது. அது அவருக்கும் தெரியும். தெரிந்ததுதான் ஆபத்தாக முடிந்தது. இரண்டு காலுக்கு ஒன்றைக் கூட்டினார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு காலுக்கு ஒன்றைக் கழித்தார்.

மேசை நின்றபோது கோயிலில் முழங்கால் போட்ட ஆள் மாதிரி முன்பக்கம் பணிந்திருந்தது. "கணக்கு தப்பில்ல, எங்கியோ மரம்தான் தப்பு" என்றார். குட்டைக் காலுக்கு அடியில் பரீட்சைத் தாளை மடித்து வைத்தார். நூற்றுக்கு நூறு வாங்கியவன் தாளை வைக்க மனசு வரவில்லை, பெயிலானவன்கள் தாளாகப் பொறுக்கி வைத்தார். அந்த வருஷம் பெயில் ஆனவன்கள் நிறைய, அதனால் மட்டம் வந்துவிட்டது.

மேல்பலகைக்கு எடுத்தது ஒரு உடைந்த தேயிலைப் பெட்டி. ஆணி வைத்து அடிக்க அடிக்கப் பலகை நடுவில் பிளந்தது. பிளந்த இடத்தைச் சேர்க்க இன்னொரு ஆணி. கடைசியில் மரத்தைவிட ஆணிதான் அதிகம் தெரிந்தது. தொட்டியை ஏற்றும் முன்னால் பரீட்சை செய்ய வேண்டும் என்றார். இரண்டு குடம் தண்ணீர் வைத்தார். நின்றது. கூட என்னையும் கூடையோடு ஏறி உட்காரச் சொன்னார்.

"நான் மீன் விக்கிறவ சார், எடைக்கல் இல்ல" என்றேன்.

சரி என்று தாமே ஏறி உட்கார்ந்தார். ஒரு பரலோக மந்திரம் சொல்லி முடிக்கிற நேரம் தாங்கினால் போதும் என்று கண்ணை மூடிச் சொல்ல ஆரம்பித்தார். மந்திரத்தின் நடுவில், அன்றன்றுள்ள அப்பம் என்கிற இடம் வரைக்கும் வந்தார். அதற்குமேல் மேசை காத்திருக்கவில்லை. குடம் ஒரு பக்கம், சார் ஒரு பக்கம், பெயிலானவன்கள் தாள் எல்லாம் தண்ணீரில் மிதந்தது. சார் தரையில் உட்கார்ந்தபடியே மிச்ச மந்திரத்தையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் எழுந்தார். அவரிடம் எனக்குப் பிடித்ததே அதுதான்.

சாயந்தரம் குப்பத்துக்குப் போய் என்னைப் பெற்ற நைனாவிடம் சொன்னேன். நைனா வலையைப் பிரித்துக்கொண்டே சிரித்தார். "நான் மீன கடல்லேர்ந்து எடுத்தாந்து சாவடிக்கிறேன், அந்தாளு ஊட்டுக்குள்ள வச்சு சோறு போடுறாரு. பாவமும் புண்ணியமும் சரியாப் பூடும் போ" என்றார். சிரித்தவர் அப்புறம், அந்த அம்மா எத்தனை மாசமாக வரவில்லை என்று கேட்டார். சொன்னேன். வலையைக் கீழே வைத்தார். எங்கள் அம்மா கண்ணை மூடி அப்போது இரண்டு வருஷம். மறுநாள் என்னோடு சார் வீட்டுக்கு வந்தார்.

ஆணியும் மரமுமாகக் கிடந்த குவியலைச் சுற்றி வந்து பார்த்தார். "இன்னா சார், ஆணி அடிச்ச மரம் ஒரு அலைக்குத் தாங்குமா? கட்டணும். எங்க மரத்துல ஒரு ஆணி கீதா, சொல்லு" என்றார். உண்மைதான். நாலு கட்டையைக் கயிற்றால் கட்டித்தான் எங்கள் ஆட்கள் கண்ணுக்குக் கரை தெரியாத தூரம் போய் வருகிறார்கள். போன புயலில் பிளந்துபோன எங்கள் பழைய கட்டுமரம் கரையில் கிடந்தது. அதை எடுத்துக்கோ என்றார் நைனா. தாமே வந்து கட்டித் தருகிறேன் என்றும் சொன்னார். சார் மட்டும் தலையாட்டவில்லை. "நான் என் கையால செய்யறேன்னு அவளுக்கு எழுதிட்டேன். நீங்க சொல்லுங்க, நான் கட்டுறேன்." எழுதியது அது மட்டும் இல்லை. மேசை முடிந்துவிட்டது என்றே எழுதியிருந்தார். ஈஸ்டருக்கு முந்தின பெரிய சனிக்கிழமை வருகிறேன், வண்டியோடுதான் வருவேன், பார்த்துவிட்டு மற்றதைச் சொல்கிறேன் என்று பதிலும் வந்துவிட்டது.

மரத்தையும் தாமே சுமந்து வருவேன் என்று அடம்பிடித்தார். ஞாயிற்றுக்கிழமை காலை. கோட்டு, பஞ்சகச்சம், தோளில் கட்டுமரத் துண்டு. கரையில் இருந்து அவர் மேலே ஏறுகிற நேரம் பார்த்துக் கோயிலில் பூசை விட்டது. தபசு காலம் வேறு. வாத்தியார் சிலுவை சுமந்து பரிகாரம் செய்கிறார் என்று ஜனங்கள் ஒதுங்கி வழிவிட்டு, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்கள். ஒரு கிழவி முழங்கால் போட்டுவிட்டாள். அவளை எழுப்பி உண்மையைச் சொல்ல சார் நின்றார். நின்றதில் மரம் திரும்பி ஒரு தயிர்க்காரியின் பானையைத் தட்டிவிட்டது. அந்தத் தயிர்க்காரி விட்ட வசவில் பூசைக்கு வந்த கூட்டமே கலைந்துவிட்டது.

ஒன்பது நாள் கட்டினார். நைனா வாசற்படியில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டே சொல்வார், சார் கட்டுவார். அது முடிச்சு இல்லை அவிழு என்பார், சார் அவிழ்ப்பார். எங்கள் வழக்கப்படி கயிற்றைக் கடல் தண்ணீரில் ஊறவைத்துத்தான் கட்ட வேண்டும். குடம் குடமாகக் கடல் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றியது நான். சாருடைய உள்ளங்கை இரண்டும் கொப்புளித்து உடைந்தது. பள்ளிக்கூடத்தில் கையில் துணி சுற்றிக்கொண்டு எழுதினாராம். ஏன் இப்படி என்று கோயில் பெரிய சாமியார் கேட்டதற்கு, குடித்தனம் நடத்துகிறேன் சாமி என்று சொல்லிவிட்டு வந்தாராம்.

புதன்கிழமை மேசை நின்றது. கோணல்தான். ஆனால் நைனா மேலே ஏறிக் குதித்தார், அசையவில்லை. நைனாவும் சாரும் நானுமாகத் தொட்டியைத் தூக்கி வைத்தோம். மிஷின் மேசையைத் துடைத்து, மிஷினுக்கு எண்ணெய் போட்டு, துருவைச் சாம்பலால் தேய்த்துத் தலையைப் பூட்டினார். வீடு முழுக்கக் கடல் நாற்றம். தெருப் பூனைகள் எல்லாம் வாசலில் கூட்டம் கூடிவிட்டன. சாருக்கு எதுவும் உறைக்கவில்லை. மிஷினையும் மேசையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பெரிய வெள்ளிக்கிழமை காலையில் நான் கூடையோடு வந்தேன். தெருவே கோயிலில் இருந்தது. சார் வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. கூப்பிட்டேன்.

"உள்ள வா எல்லம்மா. கூடைய வெளிய வச்சுட்டு வா."

உள்ளே போனேன். மேசை குடித்துவிட்டு வந்தவன் மாதிரி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. சார் தொட்டியை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்து, கன்னத்தைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, கால் இரண்டையும் அகட்டி நின்றிருந்தார். அந்தப் பக்கத்தில் மூன்று மீனும் அவர் கன்னத்துக்கு நேராக நின்றன.

"எந்நேரமா சார் இப்படி?"

"கோழி கூவுனதுலேர்ந்து."

"கத்தக்கூடாதா?"

"எல்லாரும் கோயில்ல இருக்காங்க. அவரு அங்க சிலுவைய சொமக்குறாரு, நான் இங்க இத சொமக்குறேன்."

சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. மேசையின் காலைத் தொட்டுப் பார்த்தேன். கயிறு சருகு மாதிரி காய்ந்து, முடிச்சு எல்லாம் தொளதொளவென்று கிடந்தது. எனக்கு அப்போதுதான் பளிச்சென்று பட்டது. எங்கள் மரம் கரை ஏறியதும் நைனா செய்கிற முதல் வேலை கயிற்றை அவிழ்ப்பதுதான். கட்டைகளைத் தனித்தனியாகக் காயப்போடுவார். மறுநாள் நனைத்துக் கட்டுவார். காய்ந்த கட்டு எப்படி இருக்கும் என்று எங்கள் குப்பத்தில் எவனும் பார்த்ததே இல்லை. ஈரத்தில் அது இரும்பு மாதிரி பிடிக்கும். நடுவீட்டில் வைத்தால் இரண்டு நாளில் விட்டுவிடும் என்று யாருக்குத் தெரியும்?

குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினேன். ஒவ்வொரு முடிச்சாகத் தண்ணீர் ஊற்றினேன். பிறகு நானும் தோள் கொடுத்து ஒரு பக்கம் மேசையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டேன். உச்சிப் பொழுது வரைக்கும் இரண்டு பேரும் அப்படியே நின்றோம். நடுவில் ஒரு தடவை அவர், நாளைக்கு அவ வந்து பார்க்கிறபோது விழுந்துவிட்டால் என்ன செய்வது எல்லம்மா என்று மெல்லக் கேட்டார். விழாது சார் என்றேன். எனக்கே நம்பிக்கை இல்லை. வெளியே என் கூடையில் பூனைகள் கல்யாணச் சாப்பாடு சாப்பிடுகிற சத்தம் கேட்டது. என் ஆயுசில் கூடை மீனை விற்காமல் விட்டது அந்த ஒரு நாள்தான். அதற்கு நான் வருத்தப்பட்டதில்லை.

கயிறு கொஞ்சம் கொஞ்சமாக இறுகியது. சார் கையை எடுத்தார். நின்றது. அவருடைய கை மட்டும் வெகு நேரம் தொட்டியைப் பிடித்த வாக்கிலேயே வளைந்து நின்றது.

சனிக்கிழமை நான் கூடை எடுக்கவில்லை. விடிந்ததும் போய் முடிச்சுக்கெல்லாம் தண்ணீர் விட்டோம். பத்து மணிக்கு ஒரு மாட்டு வண்டி வாசலில் வந்து நின்றது. தையலம்மா இறங்கினார்கள். இளைத்திருந்தார்கள். வண்டிக்காரனை இருக்கச் சொல்லிவிட்டு உள்ளே வந்தார்கள்.

முதலில் மிஷினிடம் போனார்கள். சக்கரத்தில் விரலை வைத்தார்கள். விரலைப் பார்த்தார்கள். அதற்கப்புறம்தான் திரும்பினார்கள். சார் மார்க் வாங்க நிற்கிற பையன் மாதிரி நின்றிருந்தார்.

"யார் செஞ்சது இது?"

"நான்தான். கட்டு மட்டும் எல்லம்மா அப்பா சொல்லிக் குடுத்தாரு."

"கோணலா இருக்கு."

"ஆமா."

"நாறுது."

"ஆமா."

"தண்ணி சொட்டுது. தரையெல்லாம் ஈரம்."

"சொட்டணும். சொட்டலன்னா விழுந்துடும்."

அந்த அம்மா சாரை ஒரு நிமிஷம் பார்த்தார்கள். அவர் பொய் சொல்கிறாரா என்று பார்த்தார்களோ என்னவோ. முகத்துக்கு நேராகப் பொய் சொல்லத் தெரிந்திருந்தால் அவர் அந்தக் கதிக்கு வந்திருக்கவே மாட்டார்.

"எத்தன வேள ஊத்தணும்?"

"மூணு வேள. காலைல ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, படுக்கும்போது ஒண்ணு."

"மத்தியானம் நீங்க பள்ளிக்கூடத்துல இருப்பீங்களே."

சுவரில் தொட்டி கனம், தண்ணீர் கனம், மணல் கனம் எல்லாம் கணக்குப் போட்ட மனிதர் இந்த ஒன்றைப் போடவில்லை. சுவரைத் திரும்பிப் பார்த்தார், அங்கே விடை இருக்கிறதா என்று. அந்த அம்மா கிட்டே வந்து, தொங்கிக்கொண்டிருந்த அவர் கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்கள். ஆறியதும் ஆறாததுமாகக் கொப்புளத் தழும்பு. கையைப் பழைய இடத்திலேயே பத்திரமாக விட்டார்கள். புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார்கள்.

"செம்பு எங்க இருக்கு?" என்றார்கள்.

சார் அசையவில்லை. நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அந்த அம்மா என்னிடம் திரும்பி, "வண்டிக்காரனப் போகச் சொல்லும்மா" என்றார்கள்.

நான் வெளியே வந்து வண்டிக்காரனிடம் சொன்னேன். மிஷின் ஏற்றணும்னாங்களே என்று அவன் கேட்டான். அது அசையாது, நீ போ என்றேன். அப்புறம் எனக்கு உள்ளே போக மனசு வரவில்லை. தெரு முனை வரைக்கும் நடந்து, அங்கே நின்று, காரணம் இல்லாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

யுத்தம் முடிந்தது. துரை வீட்டுப் பெண் வரவில்லை. அவள் வருவாள் என்று சார் எத்தனை வருஷம் காத்திருந்தாரோ, எனக்குத் தெரியாது. நான் அதற்குள் கோவளத்துக்கு வாக்கப்பட்டுப் போய்விட்டேன். நல்ல மனிதரைத்தான் கட்டிக்கொண்டேன். குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர் கை எனக்காக ஒரு தடவையாவது கொப்புளித்ததா என்று நான் நினைத்துப் பார்த்த நாள்கள் உண்டு. நினைத்ததை யாரிடமும் சொன்னதில்லை.

தொட்டி சார் காலமான செய்தி ஆறு மாசம் கழித்து, வலை வாங்க வந்த ஒருவன் வேறு எதையோ சொல்லிக்கொண்டிருக்கும்போது சொன்னான். யாரும் எனக்குச் சொல்லி அனுப்பவில்லை. மீன்காரிக்கு யார் சொல்லி அனுப்புவார்கள்? அதில் எனக்கு ரோஷம் ஒன்றும் இல்லை. தெரிந்திருந்தால் கரையோடு நடந்தே வந்திருப்பேன்.